உன் அப்பா குடிகாரர் அல்ல

அன்பு மகனுக்கு,

இதைக் கடையில் வைத்துப் பிரிக்காதே. ஆணி நிறுத்துக்கொண்டும் முதலாளிக்குப் பதில் சொல்லிக்கொண்டும் படிக்கிற கடிதம் இல்லை இது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நன்றாக இருக்கிறார். இன்று காலையில் ஒரு கிண்ணம் குரக்கன் கூழும் மசித்த வாழைப்பழமும் சாப்பிட்டார், கூழில் சீனி போதவில்லை என்று என்னை முறைக்கவும் செய்தார். ஆகவே பதறிக்கொண்டு பஸ் ஏறாதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் "அப்பா இருமுற சத்தம் கேக்குதே, என்னாம்மா?" என்று கேட்டாய். "சளிடா" என்றேன். அது பொய். அதற்கு முந்திய ஞாயிறு அவர் என் கண் முன்னால் செத்துப் பிழைத்தார், நாலு நாள் வார்டில் இருந்தார். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, எனக்கு உன்னைத் தெரியும்.

வைகாசியில் நிவித்திகலவிலிருந்து தர்ஷினி வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். வந்தால் கல்யாண நாளும் குறித்துவிட்டுத்தான் போவார்கள். அவர்களிடம் நீ அப்பாவைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பது சம்மந்தி வாயால்தான் எனக்குத் தெரிய வந்தது. "அந்தக் காலத்துல தண்ணி கொஞ்சம் கூட. அதுல நரம்பு தளர்ந்து படுத்துட்டாரு." இப்படித்தானே சொன்னாய்? உன்னைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வசனத்தை முதலில் பேசியவளே நான்தான், நீ அதைப் பாடம் பண்ணி ஒப்பித்திருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் மகனே, உன் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கூடக் குடித்தவரில்லை. அவருக்கு வந்திருப்பது இரத்தத்தில் வருகிற நோய். அது உனக்கும் வரலாம், வராமலும் போகலாம். இதைத் தர்ஷினியிடம் நீ சொல்ல வேண்டும், வைகாசிக்கு முன்னால், உன் வாயால். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது இது தொடங்கிற்று. இந்தத் தோட்டத்தில் அப்பாவைப் போல ரப்பர் பால் வெட்ட ஆள் கிடையாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி. கத்தி அந்த இழையோடு போக வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். அவருடைய மரங்களைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அப்பேர்ப்பட்டவரின் மலையில் 1992இல் மரத்துக்கு மரம் காயம். கங்காணி கூட்டிக்கொண்டு போய் எனக்கே காட்டினார். "இங்க பாரு தங்கச்சி, கோழி கிண்டுன மாதிரி கெடக்கு. ராத்திரி எல்லாம் தண்ணியா?" நான் சண்டைக்குப் போனேன். "எங்க வீட்டு ஆளு போத்தல மோந்து கூடப் பாக்கமாட்டாரு" என்று மலையே கேட்கக் கத்தினேன். அப்பா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் சும்மா இருக்காமல், கண்ணுக்குத் தெரியாத மத்தளத்தை வாசிப்பது போல ஆடிக்கொண்டிருந்தன.

அவர் ஏன் போத்தலைத் தொடுவதில்லை என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அவருடைய அப்பா கலவானப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். நாற்பது வயதில் கை கால் ஆட ஆரம்பித்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, கடைசியில் எலும்பும் தோலுமாகச் செத்தார். தோட்டமே "குடிச்சுக் குடிச்சுச் செத்தான்" என்றது. உன் அப்பா அப்போது இளவட்டம். அப்பன் மாதிரி ஆகக் கூடாதென்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார், அதை இந்த நிமிஷம் வரை காப்பாற்றுகிறார். பார்த்தாயா கொடுமையை? அந்தக் கிழவரும் குடியால் சாகவில்லை. அவருக்கும் இதேதான். யாரோ ஒருத்தர் அன்றைக்கே "இது குடியில்ல, வியாதி" என்று சொல்லியிருந்தால் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் கட்டியிருப்பாயா என்று கேட்காதே. அது என் பாடு. ஆனால் யோசிக்கிற உரிமை எனக்கு இருந்தது, அதை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அதே உரிமையை நான் அந்தப் பெண்ணிடமிருந்து எடுக்க மாட்டேன்.

நாலு வருஷம் மந்திரித்தோம், கயிறு கட்டினோம், தோட்டத்து மருந்துக்காரர் ஐயா கொடுத்த சத்து மாத்திரையெல்லாம் விழுங்கினார். பிறகு ஒரு பெரிய டாக்டரிடம் காட்டக் கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார்கள். அது சண்டை நடந்த கெட்ட காலம். பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போது அப்பாவின் தோள் குலுங்குகிறது, கை தானாகச் சட்டைப் பக்கம் போகிறது, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தமிழ் அடையாள அட்டை வேறு. ஆமிக்காரப் பையன் துவக்கைத் தூக்கிவிட்டான். "பீலாத?" என்று கத்தினான், குடித்திருக்கிறானா என்று. நான் ஓடிப்போய் நடுவில் நின்று, "நே மஹத்தயா! மே லெடெக். பீலா நெமெய்!" என்றேன். குடியில்லை ஐயா, இவர் நோயாளி. டாக்டர் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவன் வாசித்தான், துவக்கைத் தாழ்த்தினான், அப்பாவின் கையைப் பிடித்துத் தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அன்றைக்குத்தான் பெரிய டாக்டர் அப்பாவை விரலை நீட்டச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, அவர் அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டு, ஹண்டிங்டன் நோய் என்று பெயர் சொன்னார். குணமாக்க மருந்தில்லை, ஆட்டத்தைக் குறைக்கலாம், பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் இருப்பார் என்றார். பிறகு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு மகன் என்றேன். பாதிக்குப் பாதி என்றார்.

அந்த "பாதிக்குப் பாதி"யை மடியில் கட்டிக்கொண்டு சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து இறங்கினேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பொம்பளைகள் குடத்தோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதிதான் கேட்டாள். "என்னாக்கா சொன்னாங்க? குடிதானே?" என் கண்ணுக்கு நீதான் தெரிந்தாய். பதினாலு வயது. நாளைக்கு உனக்கு எவன் பெண் கொடுப்பான், அது பரம்பரை வியாதிக் குடும்பம் என்று லயத்து வீட்டுக்கு வீடு பேசுவார்களே. "ஆமா பார்வதி, குடிதான். எனக்கே தெரியாமக் குடிச்சிருக்காரு" என்றேன். காலையில் துவக்குக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னவள், சாயங்காலம் தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் பொய் சொன்னேன். அப்பா என் பக்கத்திலேயே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. சொல்லவில்லை. உனக்காகத்தான் என்று அவருக்கும் புரிந்திருக்கும். வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

குடிகாரன் என்றால் நம் ஜனத்துக்கு ஒரு வசதி. பாவம் பார்க்க வேண்டியதில்லை. நீ கொழும்புக்கு வேலைக்குப் போன வருஷம், அப்பா ருவான்வெல்லை பஜாரில் கடைப் படியில் தடுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டார். தெரிந்த முகங்கள் எத்தனை அந்த வழியால் போயிருக்கும்! "தண்ணியில கெடக்கான், வெயில் ஏறுனா எந்திரிச்சிருவான்" என்று எல்லாரும் போய்விட்டார்கள். மத்தியானம் ஒரு லொறிக்காரர் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார், அவரும் பஜாரில் கேட்டதையே அங்கே சொல்லியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அவர்கள்மேல் குற்றமில்லை. ஊரே குடிகாரன் என்று எழுதி அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? நடைபாதையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள், தெளியட்டும் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது கொறட்டை மாதிரி மூச்சு, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, ஒரு தரம் வாந்தி. ஒரு பெண் டாக்டரின் கையைப் பிடித்து நோயின் பெயரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது. மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்று அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, துளை போட்டு எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் எனக்குத் தாலி இருந்திருக்காது. பீலியடியில் நான் விட்ட ஒரு வார்த்தை பஜார் வரைக்கும் நடந்துபோய் அவரை வெயிலில் கிடத்திவிட்டது.

அதிலிருந்து அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் இருக்கிறது. நீ அதை மருந்துத் துண்டு என்று நினைத்திருப்பாய். அந்தப் பெண் டாக்டர் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதிக் கொடுத்தது. நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், இவர் குடிப்பதில்லை, நடையும் பேச்சும் நோயால்தான், கட்டிப் போடாதீர்கள், கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். கடைசி வரி முக்கியம், மகனே. அவருக்கு எல்லாம் புரிகிறது. பதில்தான் மலை ஏறி வருகிற பஸ் மாதிரி மெதுவாக வரும். நாம் அவசரத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டால் அவர் முதலில் இருந்து தொடங்க வேண்டும். விழுந்தால் எப்படிப் பார்ப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விழுந்த அன்றைக்கு நன்றாக இருந்து, தூங்கி வழிவது, வாந்தி, ஒரு பக்கம் இழுப்பது என்று சில நாள் கழித்து வந்தாலும் கூட, உடனே ஆஸ்பத்திரிதான். வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை கிடையாது.

அடுத்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது, அதுவும் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது. இருபத்தைந்து வருஷம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள் நான். தாய்மார் மலைக்குப் போனபின் எத்தனை பச்சைப் பிள்ளைகளுக்குப் பால் புகட்டியிருப்பேன்! காலை நீட்டி, பிள்ளையைக் காலில் மல்லாத்திப் போட்டு, மூக்கைத் தடவிக் கொடுத்துச் சங்கால் ஊற்றினால் மடக் மடக்கென்று இறங்கிவிடும். அப்பாவுக்குத் தொண்டை ஒத்துழைக்காமல் போனபோது, எனக்குத் தெரியாத வித்தையா என்று தலையை மடியில் சாய்த்து, கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினேன். லயத்துப் பொம்பளைகள் வந்து பார்த்து "என்னா பொறுமை!" என்று மெச்சினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. மூன்றாம் வாரம் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கொதித்து, மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது. வார்டில் நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள். "பாதிச் சாப்பாடு வயித்துக்கில்ல அம்மே, நெஞ்சுக்குப் போயிருக்கு. நீங்கதான் ஊத்தியிருக்கீங்க." ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் செய்து காட்டியபோது வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வை. கால் தரையில் பட வேண்டும். நாடி நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், மேலே அண்ணாந்து ஊட்டினால் போயிற்று. ரேடியோவை நிறுத்து, வந்தவர்களை வெளியே அனுப்பு, நீயும் வாயை மூடு. சின்னக் கரண்டி, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். வெறும் தண்ணீர்தான் அவருக்கு முதல் எதிரி, வழுக்கிக்கொண்டு தப்பான பாதையில் போகும், கூழாகக் கெட்டியாய் இருந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். முடிந்ததும் கன்னத்துக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார், அரை மணி நேரம் படுக்க விடாதே. அந்த ஆட்டத்துக்கு உடம்பு எரிகிறது, ஆகவே நம்மைப் போல மூன்று வேளை போதாது, ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாய், தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து. இப்படி ஊட்ட ஆரம்பித்த பிறகு ஆறு வருஷம் நெஞ்சுச் சளி எட்டிப் பார்க்கவில்லை. இதில் எனக்குத் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள். திடீரென்று ஆட்டம் கூடினால், கத்தினால், அடிக்க வந்தால், நோய் முற்றிவிட்டது என்று கையை விரிக்காதே. வேறு எதையாவது தேடு. ஒரு தரம் அவர் ஒரு வாரம் சுவரில் தலையை மோதிக்கொண்டு பாத்திரமெல்லாம் வீசினார். கட்டிப் போடுங்கள் என்று லயத்தில் ஆளுக்கொரு சேலை கொண்டு வந்தார்கள். நான் மாத்திரையை இரண்டு மடங்காக்கலாமா என்று யோசித்தவள், நல்ல வேளை, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்து வீங்கிக் கிடந்தது! பல்லைப் பிடுங்கியதும் மனுசன் பசு மாதிரி ஆகிவிட்டார். வலி என்று சொல்ல வாயில்லாதவர் வேறு எப்படிச் சொல்வார்? பல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், எல்லாம் பார்த்த பிறகுதான் நோயைக் குற்றம் சொல்ல வேண்டும். மாத்திரையை நம் இஷ்டத்துக்குக் கூட்டுவதும் தப்பு, திடீரென்று நிறுத்துவதும் தப்பு. மாத்திரை மாற்றிய பின் உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சலும் அடித்து, நினைவும் தடுமாறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே, மாத்திரைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பேச்சு முழுக்கப் போவதற்கு முன்னால் ஒரு நாள், "என்னைய விட்டுரு புள்ள, நான் போயிர்றேன்" என்றார். எங்கே போகிறேன் என்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். நான் அழுதேன், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தனியே விடாமல் மறுநாளே கிளினிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் அவர் முன்னாலேயே சொன்னேன். அந்தச் சோர்வும் நோயின் ஒரு பங்குதான், அதற்குத் தனி மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். இருந்தது. இரண்டு மாதத்தில் அப்பா மறுபடி பார்வதியின் கோழியைக் கல்லெடுத்து விரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். உனக்கு எப்போதாவது அப்படி இருட்டினால், பரிசோதனை செய்தாலும் சரி செய்யாவிட்டாலும் சரி, முதல் போன் எனக்கு. மான அவமானம் பார்க்காதே.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி இருக்கும், தர்ஷினியின் அப்பா தனியாக வந்து நின்றார். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் தங்கச்சி, சம்மந்தியப் பாக்காமப் போவேனா?" நல்ல மனுசர், மகனே. பையில் சம்மந்தியம்மா சுட்டுக் கொடுத்த உளுந்து வடை, பேப்பரில் சுற்றிய ஒரு சாராயப் போத்தல். சம்மந்திக்குச் சம்மந்தி போத்தல் கொண்டு வருவது நம்மிடம் உள்ள மரியாதைதானே. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். "கொஞ்சம் இருங்கண்ணே, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று நான் குசினிக்குப் போனேன். அங்கிருந்தே கேட்டது. "மருமகன் எல்லாம் சொன்னாரு சம்மந்தி. பழகுன வாய் எத்தன நாளைக்குத்தான் சும்மா இருக்கும்? ஒரு மூடி போதும். மருந்து மாதிரி." பிறகு அப்பாவின் குரல். மாதக்கணக்கில் "ம்" தவிர எதுவும் வராத வாயிலிருந்து, கல்லை உருட்டுவது போல ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "நான்... குடிக்... கிற... தில்ல."

சம்மந்தி சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "எல்லாக் குடிகாரனும் இதத்தானே சொல்றான்!" என்று முதுகில் தட்டினார். நான் கேத்தலும் கையுமாக நின்றேன். ஓடிப்போய் "அவரு சொல்றது நெசம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிறகு என்ன வியாதி என்பார், பரம்பரையா என்பார், உன் கல்யாணம் என்னாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷத்துக்குள் ஒரு மூடி சாராயம் அவர் வாய்க்குள் போயிற்று, காரத்துக்கு ஒரு துண்டு வடையும் போயிற்று. இருமல் கேட்டது. பிறகு இருமல் நின்றது. இதைக் கேள் மகனே, இருமுகிறவரை பயமில்லை, இரும விடு. சத்தம் நின்றால்தான் எமன் வந்திருக்கிறான். ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலம், கண் பிதுங்குகிறது. சம்மந்தி பதறிப்போய்ச் செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றப் போனார். தட்டிவிட்டேன். "வண்டிக்கு ஆள் அனுப்புங்க!" என்று கத்தினேன். அப்பாவைக் கட்டில் விளிம்பில் முன்னால் குனிய வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து அடி போட்டேன். வரவில்லை. பின்னால் போய், இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தரம் இழுத்தேன். மறுபடி ஐந்து அடி. மறுபடி இழுப்பு. வடைத் துண்டு வந்து தரையில் விழுந்தது. அவர் இழுத்த மூச்சு எனக்கு நீ பிறந்தபோது கேட்ட முதல் அழுகை மாதிரி இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விடவில்லை, அது இன்னும் உள்ளே தள்ளும். நினைவு தப்பியிருந்தால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தியிருப்பேன், அதையும் அந்த நர்ஸ் மிஸ்ஸியே கற்றுக் கொடுத்திருக்கிறாள். நீ வரும்போது தலையணையில் உனக்குப் பழக்கித் தருகிறேன். வந்த வண்டியில் அப்போதே கொண்டு போய்க் காட்டினோம், ஏனென்றால் மூச்சு வந்ததோடு கதை முடியாது. மறுநாள் காய்ச்சல் வந்தபோது அவர் வார்டில் இருந்தார், மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. அதனால்தான் நாலு நாளில் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் நான் வெட்கப்படுகிற இடம் இனிமேல்தான். வார்டு வாசலில் சம்மந்தி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "நான் கொன்னுப்புட்டிருப்பேனே தங்கச்சி. டாக்டர் அவரக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரா?" என்று கேட்டார். உண்மைக்குக் கதவு திறந்து கிடந்தது, நான் உள்ளே கால் வைத்திருக்கலாம். "ஆமாண்ணே" என்றேன். கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்த உன் அப்பாவுக்கு அது கேட்டது. பீலியடியில் பார்த்த அதே பார்வை பார்த்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, அதே பார்வை.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று நீ பதில் சொல்வாய். சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடச் சொல், பெண்ணுக்கு வயது குறைத்துச் சொல், அந்த ஆயிரத்தில் அதெல்லாம் அடங்கும். ஒருத்தியின் வயிற்றில் வரப்போகிற பிள்ளையைப் பற்றிய பொய் அதில் சேராது. உனக்கு வந்திருக்கிறதா என்பது பூவா தலையா மாதிரி, நீ பிறக்கும்போதே விழுந்துவிட்டது, யாரும் இன்னும் மூடிய கையைத் திறந்து பார்க்கவில்லை. கொழும்பில் இரத்தம் எடுத்துப் பார்க்கலாமாம். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம், நானோ அவளோ கட்டாயப்படுத்த முடியாது. சொல்வது மட்டும் உன் இஷ்டமில்லை. அவள் முடியாது என்றால் அழு, அப்புறம் எழுந்து வேலைக்குப் போ. சரி என்றால் அவளை இங்கே கூட்டி வா, கரண்டி பிடிக்க நான் கற்றுக் கொடுக்கிறேன், உனக்கும் சேர்த்துத்தான். ஆம்பளைப் பிள்ளை என்று தப்பிக்க முடியாது. இந்த நோயோடு வாழ முடியும் மகனே. பதினேழு வருஷமாக நான் வாழ்ந்து காட்டியிருக்கிறேன். பொய்யோடு சேர்த்து வாழ்ந்ததுதான் முதுகை ஒடித்தது.

வைகாசியில் அவர்கள் வரும்போது அப்பாவை உள்ளே ஒளித்து வைக்க மாட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, முகம் வழித்து, நடு வீட்டில் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைப்பேன். பார்வதியையும் கூப்பிட்டிருக்கிறேன், கங்காணியையும் கூப்பிட்டிருக்கிறேன், அந்தப் பொய் யார் யார் காதில் விழுந்ததோ அவர்களெல்லாம் இருக்கட்டும். எல்லாரும் பார்க்க நான் சம்மந்தியிடம் சொல்வேன். "அண்ணே, அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க, நான் குசினியில வாயை மூடிக்கிட்டு நின்னேன். அவருகிட்ட இன்னொரு தரம் கேளுங்க, குடிப்பீங்களான்னு." பதில் வர நேரமாகும். ரேடியோவை நிறுத்திவிடுவேன். யாரும் குறுக்கே பேசக் கூடாது, அவருக்காக நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது. அவர் சொல்லி முடிக்கிறவரை எல்லாரும் உட்கார்ந்து காத்திருப்போம்.

உன் அம்மா.